ஹெட்செட்டில் பழகிய கை நிஜ முதுகெலும்பில் நிற்குமா?

முதுநிலை மூன்று | திங்கள், இரவு 9.48

வணக்கம். எலும்பு அறுவையில் பட்டமேற்படிப்பு, மூன்றாம் ஆண்டு. எங்கள் துறைக்கு மெய்நிகர் பயிற்சிக் கருவி ஒன்று வந்து ஆறு வாரம் ஆகிறது. தலைக்கு ஹெட்செட், கைக்கொரு கைப்பிடி. மாட்டிக்கொண்டால் அறுவை அரங்கு, குப்புறப் படுத்த நோயாளி, திறந்து வைத்த இடுப்பு முதுகெலும்பு எல்லாம் கண்முன்னே வந்துவிடும். வார்டு வேலை முடிந்தபின் இரவில் போய் நின்று இதுவரை நாற்பதுக்கு மேல் பெடிக்கிள் ஸ்க்ரூ (முள்ளெலும்பின் பின்பகுதியை உடலோடு இணைக்கும் குறுகிய எலும்புப் பாலமான பெடிக்கிள் வழியே செலுத்தும் திருகு) வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தில் ஒன்றுகூட 90 மதிப்பெண்ணுக்குக் கீழே போகவில்லை.

போன வாரம் யூனிட் தலைவர் முதல்முறையாக, ஸ்க்ரூவுக்கு எலும்பில் வழி போடும் கம்பியான ப்ரோபை என் கையில் கொடுத்தார். எல்4 (நான்காவது இடுப்பு முள்ளெலும்பு), இடப்பக்கம். நுழைவிடம் எனக்கு மனப்பாடம்: குறுக்கு நீட்சியின் நடுக்கோடும் மேல் மூட்டு நீட்சியின் வெளி விளிம்பும் சந்திக்கும் இடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அங்கே குனிந்து பார்த்தால் அப்படி ஒரு சந்திப்பே கண்ணில் படவில்லை. தசை, இரத்தம், தேய்ந்து புடைத்த மூட்டு. ஒருவழியாக இடம் பிடித்து ப்ரோபை ஊன்றினேன். எவ்வளவு அழுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை. ஹெட்செட்டில் கைப்பிடி லேசாக அதிரும், அவ்வளவுதான். இங்கே எலும்பு எதிர்த்து நின்றது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அவர் பேசாமல் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

இந்தக் கருவியில் செலவழித்த இரவுகள் வீணா? அல்லது நான் பழகிய விதம்தான் தவறா? அனுபவமுள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பழைய உளி | திங்கள், இரவு 10.05

வீண்தான் தம்பி. எலும்பு என்பது கைக்குத் தெரிய வேண்டிய பொருள், கண்ணுக்கு அல்ல. உடற்கூறு கூடத்துக்குப் போய் ஒரு முதுகெலும்பைக் கையில் எடுத்துத் துளை போடுங்கள்.

நடைவண்டி | திங்கள், இரவு 10.31

உளி ஐயா வழக்கம்போல ஒரே அடியில் முடித்துவிட்டார். எனக்கு முதலில் ஒன்று தெரிய வேண்டும். உங்கள் கருவியின் கைப்பிடி காற்றில் சும்மா அலைகிறதா, மேசையோடு பிணைத்த இயந்திரக் கையின் முனையில் இருக்கிறதா?

இரண்டும் வெவ்வேறு சாமான்கள். விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், வாங்குபவர்களும் கேட்பதில்லை. காற்றில் அலையும் கைப்பிடியால் அதிர மட்டுமே முடியும். உங்கள் கையைத் தடுத்து நிறுத்த அதற்கு வழியே இல்லை. இயந்திரக் கை அப்படியல்ல, மோட்டாரால் எதிர்த்துத் தள்ளும். 1990களில் எம்.ஐ.டி.யில் உருவான ஃபேன்டம் என்ற கருவியிலிருந்து வந்த வம்சம் அது. கண்ணை ஏமாற்றுவது எளிது, நொடிக்கு 90 படம் காட்டினால் போதும். விரலை ஏமாற்ற வேண்டுமானால் விசையை நொடிக்குச் சுமார் 1000 முறை கணக்கிட்டுத் தர வேண்டும். குறைந்தால் கடினமான எலும்பு கைக்கு ரப்பர்போலவோ நடுங்குவதுபோலவோ தெரியும்.

உங்களிடம் இருப்பது முதல் வகையானால், அது அழுத்தம் கற்றுத்தராததற்கு அதன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. வரிசை, திசை, எது எதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்ற முப்பரிமாண உணர்வு, இவற்றை அது கற்றுத்தரும்.

ஊசிமுனை | திங்கள், இரவு 10.52

மயக்கவியல் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. முதுகெலும்புக்குள் ஊசி போடுவதைக் கற்பிப்பதில் எங்களுக்கும் இதே தலைவலி. எபிடியூரல் (தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்துவது) போடும்போது, முள்ளெலும்புகளை இணைக்கும் நாரான லிகமென்டம் ஃபிளேவத்தை ஊசி தாண்டும் அந்தக் கணத்தில் சிரிஞ்சின் எதிர்ப்பு சட்டென்று விட்டுப்போகும். பாடமே அந்த ஒரு கணம்தான். விளக்கிச் சொல்லலாம், படம் வரையலாம், ஆனால் கட்டைவிரல் ஒருமுறை அனுபவித்தால்தான் புரியும்.

இதற்கு வாழைப்பழத்தையும் ஆரஞ்சையும் வைத்துப் பழக்கும் வழக்கம் எங்கள் துறையில் 1980களிலிருந்தே உண்டு. தோலைத் தாண்டும்போது கிடைக்கும் அந்த விடுபடல் ஏறத்தாழ ஒத்துப்போகும். விலை உயர்ந்த இயந்திரக் கையில் பழகிய மாணவர்களையும் பழத்தில் பழகிய மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். விடுபடல் ஒன்றை மட்டும் கேட்டால் பழம் பாதகமில்லை. ஆனால் நோயாளி பருமனாக இருந்தால் என்ன செய்வது, ஊசி எலும்பில் முட்டினால் எந்தப் பக்கம் திருப்புவது என்பதைப் பழம் சொல்லித்தராது. அதை இயந்திரம் நன்றாகச் சொல்லித்தருகிறது.

எண்ணிப்பார் | செவ்வாய், காலை 6.20

"வீண்தான்" என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது உளி ஐயா. அறுவைப் பயிற்சியில் மெய்நிகர் என்ற பேச்சை மாற்றிய ஆய்வு 2002இல் வந்தது. யேலில் செய்தது. 16 பயிற்சி மருத்துவர்கள், பாதிப்பேருக்குச் சிமுலேட்டர், பாதிப்பேருக்கு வழக்கமான பயிற்சி. பிறகு எல்லாரும் நிஜ நோயாளியிடம் லேப்பராஸ்கோப்பியில் பித்தப்பையைப் பிரித்தெடுத்தார்கள். மதிப்பிட்டவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. சிமுலேட்டரில் பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தொடக்கூடாத திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்தச் சிமுலேட்டரில் ஹெட்செட் கிடையாது. பித்தப்பையும் கிடையாது, இரத்தமும் கிடையாது. சாதாரணத் திரையில் உருண்டைகளும் கட்டங்களும். கைக்கு எதிர்விசையும் இல்லை. பிறகு எப்படிப் பலித்தது? அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள் அதே கருவியில் எடுத்த அளவை முதலில் குறித்துக்கொண்டார்கள். பயிற்சி மருத்துவர்கள் அந்த அளவைத் தொடும்வரை விடவில்லை. இத்தனை மணி நேரம் பழகு என்று சொல்லவில்லை, இந்தத் தரம் வரும்வரை பழகு என்றார்கள்.

முதுகெலும்புக்கு வந்தால், 2014இல் வெளியான ஆய்வில் 26 மருத்துவ மாணவர்கள். ஒரு குழுவுக்கு வாய்மொழி விளக்கம், மற்றதற்கு எதிர்விசை தரும் சிமுலேட்டர். பிறகு ஆளுக்கு இரண்டு ஸ்க்ரூவைப் பிளாஸ்டிக் முதுகெலும்பில் வைக்கச் சொல்லி, சி.டி. எடுத்துப் பார்த்தார்கள். சிமுலேட்டர் குழுவில் ஒரு ஸ்க்ரூவுக்கான பிழைகள் பாதிக்கும் கீழே. கவனியுங்கள்: பிளாஸ்டிக் எலும்பு, நோயாளி அல்ல. மாணவர்கள், அறுவைப் பயிற்சியாளர்கள் அல்ல. அந்த அளவுக்குத்தான் அதை நம்ப வேண்டும்.

பழைய உளி | செவ்வாய், காலை 7.02

பித்தப்பை வேறு, பெடிக்கிள் வேறு. நடு மார்புப் பகுதியில் பெடிக்கிளின் அகலம் 4, 5 மி.மீ.க்குச் சுருங்கும். உள்பக்கம் ஒரு மெல்லிய சுவர், அதற்கு அடுத்தது தண்டுவடம். கெர்ட்ஸ்பைன் தரவரிசையை நீங்களே பாருங்கள்: ஸ்க்ரூ முழுவதும் உள்ளே இருந்தால் ஏ, 2 மி.மீ.க்குள் வெளியேறினால் பி, 4க்குள் சி, 6க்குள் டி, அதற்கு மேல் ஈ. நாங்கள் பிழைப்பு நடத்துவது 2 மி.மீ. படிக்கட்டில். உருண்டையையும் கட்டத்தையும் வைத்து இதைப் பேசாதீர்கள்.

முதுநிலை மூன்று | செவ்வாய், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. நடைவண்டி ஐயா, எங்களிடம் இருப்பது காற்றில் அலையும் வகைதான்.

நேற்றிரவு ஒரு காரியம் செய்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. கருவியில் நுழைவிடத்தில் நீல வளையம் ஒன்று ஒளிரும். ப்ரோபின் திசை சரியாக இருந்தால் கோடு பச்சையாகும். இந்த இரண்டையும் அமைப்பில் போய் அணைத்துவிட்டு வைத்துப் பார்த்தேன். 94 வாங்கிக்கொண்டிருந்த நான் 61 வாங்கினேன். எட்டு ஸ்க்ரூவில் மூன்று வெளியே, அதில் ஒன்று உள்பக்கம். ஆறு வாரமாக நான் பழகியது முதுகெலும்பை அல்ல, நீல வளையத்தை.

நடைவண்டி | செவ்வாய், இரவு 10.40

வெட்கப்பட வேண்டாம். அந்த 61தான் ஆறு வாரத்தில் நீங்கள் வாங்கிய முதல் உண்மையான மதிப்பெண்.

இனி எப்படிப் பழகலாம் என்று சொல்கிறேன். வளையத்தை இனி ஏற்றவே வேண்டாம். அடுத்து, கருவியில் வேறு நோயாளிகள் இருக்கிறார்களா என்று தேடுங்கள். பக்கவாட்டில் வளைந்து முறுக்கிய முதுகு இருந்தால் அதை எடுங்கள். நேராகப் படுத்த பாடப்புத்தக முதுகில் நாற்பது வைப்பதைவிட, முறுக்கியதில் நான்கு வைப்பது மேல். அங்கே "இத்தனை டிகிரி உள்நோக்கி" என்ற மனப்பாடம் செல்லாது.

பிறகு, வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். ப்ரோபை உள்பக்கச் சுவரைத் துளைத்து வெளியே விடுங்கள். கருவியில் எலும்பைக் கண்ணாடிபோல மாற்றிப் பார்க்கும் வசதி இருக்குமே, அதைப் போட்டு முனை எங்கே நிற்கிறது, நரம்பு வேர் எவ்வளவு தூரத்தில் போகிறது என்று சுற்றிச்சுற்றிப் பாருங்கள். பிறகு அதே நிலையில் சி-ஆர்ம் (அறுவை அரங்கின் எக்ஸ்ரே கருவி) படத்தைக் கேளுங்கள். இந்தத் தவறு படத்தில் எப்படித் தெரியும் என்பதை நிஜ நோயாளியிடம் யாரும் உங்களுக்குக் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. நேர்ப்படத்தில் பெடிக்கிள் ஒரு கண்போல நீள்வட்டமாகத் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் முனை இன்னும் முள்ளெலும்பு உடலின் பின்சுவரை எட்டாத நிலையில், நேர்ப்படத்தில் அது கண்ணின் உள்விளிம்பைத் தாண்டியிருந்தால் நீங்கள் நரம்புகள் செல்லும் கால்வாய்க்குள் இருக்கிறீர்கள். இந்தக் கணக்கு யோசிக்காமல் வர வேண்டும். கதிர்வீச்சு ஏதும் வாங்காமல் நூறு முறை இதைப் போட்டுப் பார்க்கக் கருவியைவிட நல்ல இடம் இல்லை.

இப்போது கை. வளைந்த ப்ரோபின் மூக்கை முதலில் வெளிப்பக்கம் பார்த்து வைக்கச் சொல்வார்கள், ஏன் தெரியுமா? முதல் 15, 20 மி.மீ. வரை ஆபத்து உள்பக்கத்தில். பெடிக்கிளின் குறுகிய கழுத்து அங்கேதான். அதைத் தாண்டும்வரை மூக்கு கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு ப்ரோபை வெளியே எடுத்து, அரைவட்டம் திருப்பி, மூக்கை உள்நோக்கி வைத்து, அதே துளைக்குள் மெதுவாக இறக்கி, முள்ளெலும்பு உடலுக்குள் கொண்டுபோக வேண்டும். போகும் வழியெல்லாம் நடுவெலும்பு ஈர மணலை மிதிப்பதுபோல ஒரே சீராக நொறுங்கிக்கொண்டே வரும். திடீரென்று கெட்டியானால் சுவரில் முட்டுகிறீர்கள். திடீரென்று வழுக்கினால் சுவரைத் தாண்டிவிட்டீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது எங்கள் துறைக்காகவே சொன்னதுபோல இருக்கிறது.

அடுத்து உருண்டை முனைக் கம்பியால் துளையைத் தடவுங்கள். மேல், கீழ், உள், வெளி, அடி: ஐந்து பக்கமும் எலும்பு தட்டுப்பட வேண்டும். இதைக் காற்றில் அலையும் கைப்பிடியால் கற்க முடியாது. பிளாஸ்டிக் எலும்பு கேளுங்கள், உடற்கூறு கூடத்தில் கேளுங்கள். உளி ஐயா சொன்னதில் பாதி சரி.

பழைய உளி | செவ்வாய், இரவு 10.58

பாதியா? சரி, எடுத்துக்கொள்கிறேன்.

இடக்கை | புதன், காலை 8.10

இடக்கைக்காரி. எங்கள் கருவியில் ட்ரில் வலக்கைக்கு மட்டும்தான் வருகிறது. உறிஞ்சுகுழல் இடக்கைக்கு. மாற்றவே முடியவில்லை. இரண்டு மாதமாக வலக்கையில் ட்ரில் பிடித்து மதிப்பெண் வாங்குகிறேன். அறுவைத் தியேட்டரில் இடக்கையில் பிடிக்கிறேன். எனக்கு இந்தப் பயிற்சி எந்தக் கணக்கில் சேரும்?

நிரல்நெசவு | புதன், பிற்பகல் 1.25

நான் மருத்துவன் அல்ல. இப்படிப்பட்ட கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை. பல நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்த இழையில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

எலும்பு எங்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. புறவெலும்புக்கு ஒரு விறைப்பு, நடுவெலும்புக்கு ஒரு விறைப்பு, ட்ரில் பட்ட இடத்தைக் கழித்துக்கொண்டே வரலாம். மென்திசுதான் உயிரை வாங்குகிறது. லிகமென்டம் ஃபிளேவத்தை கெரிசனால் (எலும்பையும் திசுவையும் கடித்தெடுக்கும் கருவி) கடித்து இழுக்கும்போது அது நீண்டு, கிழிந்து, கீழே டியூராவோடு (நரம்புகளையும் அவற்றைச் சூழ்ந்த நீரையும் அடக்கிய உறை) ஒட்டியிருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு வரும். இதை நொடிக்கு 1000 முறை கணக்கிட வேண்டும் என்றால் எங்கோ பொய் சொல்லியாக வேண்டும். சொல்கிறோம். ஆகவே எலும்பைத் துளைக்கும் பயிற்சியில் எங்களை நம்புங்கள். டியூராவைப் பிரிக்கும் பயிற்சியில் அவ்வளவு நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வாங்க வருபவர்களுக்குக் காட்டும்போது எல்லாரும் கேட்பது இரத்தம். பீறிட்டால் கைதட்டுவார்கள். அதற்காக மாதக்கணக்கில் உழைத்திருக்கிறோம். ஆனால் பயிற்சிக்கு வந்த ஒரு மூத்த மருத்துவர் கேட்டது வேறு: "ட்ரிலின் சத்தம் ஏன் மாறவில்லை?" கெட்டியான புறவெலும்பில் ஒரு குரல், நடுவெலும்பில் ஒரு குரல், உள்சுவரை நெருங்கும்போது மறுபடி வேறு குரல் என்றார். அவர் பாதி வேலையைக் காதால் செய்கிறார். எங்கள் குழுவில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஒலியைச் சரிசெய்ய நான்கு நாள்தான் ஆனது. நான் எழுதியதிலேயே உருப்படியான நான்கு நாள் அதுவாக இருக்கலாம்.

இடக்கை அம்மாவுக்கு: உங்கள் கருவி எந்த நிறுவனத்தினுடையது என்று கேட்க மாட்டேன். ஆனால் கை மாற்றம் பெரும்பாலும் பயனர் பக்கத்தில் இருக்காது, நிர்வாகி பக்கத்தில் ஒளிந்திருக்கும். கருவியைப் பராமரிப்பவரின் கடவுச்சொல்லில் நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஊசிமுனை | புதன், மாலை 5.50

அரைமணிக்கு மேல் மாட்டிக்கொண்டால் எனக்குக் குமட்டுகிறது. எனக்கு மட்டும்தானா?

நிரல்நெசவு | புதன், மாலை 6.14

இல்லை மேடம். நகர்கிறோம் என்று கண் சொல்கிறது, இல்லை என்று உள்காது சொல்கிறது. அறுவைக் கருவிகளில் நடமாட்டம் குறைவு என்பதால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இன்னொன்று உண்டு. படம் உண்மையில் ஒரே தூரத்தில் இருக்கும் திரையில். கண்கள் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எலும்பை நோக்கி உள்நோக்கித் திரும்பும்போது, குவியம் மட்டும் திரைத் தூரத்திலேயே நிற்கும். கண் களைத்துப்போகும். இருபது நிமிடம், பிறகு இடைவெளி.

நாலு திருகு | புதன், இரவு 8.33

நான் நோயாளி. என் முதுகில் நான்கு ஸ்க்ரூ இருக்கின்றன, நலமாக இருக்கிறேன். வேறு ஏதோ தேடிக்கொண்டு வந்து இதைப் படித்தேன். ஒரு கேள்வி, கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் பதிவு எழுதிய தம்பி தன் முதல் ப்ரோபை ஊன்றினாரே, அந்த எல்4 யாருடையது? அவருக்குத் தெரியுமா?

நடைவண்டி | புதன், இரவு 11.20

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி இரண்டு முறை அழித்தேன்.

பயிற்சி மருத்துவமனைகளில் மாணவர்கள் அறுவையில் பங்கெடுப்பார்கள் என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருக்கும். எந்தக் கட்டத்தை யார் செய்கிறார் என்று பெரும்பாலும் இருக்காது. மூத்தவர் கையுறை மாட்டிக்கொண்டு எதிரிலேயே நிற்பார், மூன்றாமாண்டு தம்பியின் தலைவர் கையை நீட்டியதுபோல நீட்டுவார். பாதுகாப்பு அந்த நீட்டிய கைதான். நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்: "எந்தப் பகுதியை மாணவர் செய்வார், அப்போது நீங்கள் அங்கே இருப்பீர்களா?" கேட்டால் நேராகப் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும் என்றால், ஆம், சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கருவிகளுக்கு ஆதரவாக எண்ணிப்பார் ஆயிரம் ஆய்வு காட்டட்டும். எனக்குப் பெரிய காரணம் உங்கள் கேள்விதான். கற்பவர் முதல் தவறைச் செய்தே தீருவார். அது யார் முதுகிலும் நடக்க வேண்டாம்.

பழைய உளி | வியாழன், காலை 5.45

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் முதல் டியூரா கிழிசல். பயிற்சிக் காலம், இரண்டாம் ஆண்டு முடிவு. கால்வாய் குறுகிய ஒரு வயதான அம்மா. கால்வாயின் கூரையான லேமினா எலும்பின் கீழ் கெரிசனின் பாதத்தை நுழைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கடிக்கு முன்னும் பாதத்தின் கீழ் ஒன்றும் சிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். ஆறு கடி பார்த்தேன். ஏழாவதைப் பார்க்கவில்லை. இழுத்தபோது கொஞ்சம் மென்மையாக வந்தது, அவ்வளவுதான். பிறகு அடியிலிருந்து தெளிந்த நீர் ஊறி மேலே வந்தது. இரத்தம் நடுவே அந்தத் தெளிவு. அப்படி ஒரு நிறமின்மையை நான் அதுவரை பார்த்ததில்லை.

கை விறைத்துப்போனது. உறிஞ்சுகுழலை நேராகக் கிழிசல் மேலேயே கொண்டுபோனேன். செய்யவே கூடாத காரியம், நரம்பு வேரையே உள்ளே இழுத்துவிடும். ஆசிரியர் என் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தினார். பஞ்சுப் பட்டையை வைத்தார். "மூச்சு விடு" என்றார். பிறகு நுண்ணிய நூலில் நான்கு தையல், அவர்தான் போட்டார். அந்த அம்மா சில நாள் மல்லாந்து படுத்திருந்து, தலைவலியோடு எழுந்து, நன்றாகவே வீட்டுக்குப் போனார்.

நாலு திருகு கேட்டதை ராத்திரி முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு என் பெயர்கூடத் தெரியாது.

நிரல்நெசவு, ஒரு கேள்வி. கிழிசலுக்கு அப்புறமான பதினைந்து நிமிடத்தை உங்கள் பெட்டி தருமா? ஸ்க்ரூ எனக்கு வேண்டாம். அந்தப் பதினைந்து நிமிடம் வேண்டும்.

நிரல்நெசவு | வியாழன், காலை 9.30

பாதி தரும் ஐயா. கெரிசனின் கீழ் டியூரா சிக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் கடித்தால் நீர் ஊற வைக்கலாம். உறிஞ்சுகுழலைக் கிழிசல் மேல் வைத்தால் நரம்பு வேர் மேலெழுந்து வருவதைக் காட்டலாம். யார் என்ன சொன்னார், எந்த வரிசையில் செய்தார் என்று பதியலாம். தையல் முடியாது. ஊசியும் நூலும் ஈரமான மெல்லிய தாளும் இயந்திரக் கையில் வந்தால் பொம்மைபோலத்தான் இருக்கும். அதற்கு மேசையில் ஒரு குழாய், உள்ளே அழுத்தத்தோடு ஓடும் சலைன், மேலே மெல்லிய உறை வைத்துத் தைத்துப் பழகுவது நல்லது. பதற்றம் ஹெட்செட்டில், தையல் மேசையில். உங்கள் கதையை எங்கள் குழுவுக்குக் காட்டலாமா?

பழைய உளி | வியாழன், காலை 9.41

ஏழாவது கடியை மறக்காமல் போடுங்கள். ஆறு வரை ஒன்றும் நடக்கக் கூடாது.

எண்ணிப்பார் | வியாழன், இரவு 7.05

மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால் இது. கனடாவில் மக்கில் பல்கலைக்கழகக் குழு, மூளைக்கட்டி அகற்றும் சிமுலேட்டரில் செயற்கை நுண்ணறிவு ஆசானை வைத்துப் பார்த்தது. 2022இல் வெளியான ஆய்வில் 70 மருத்துவ மாணவர்கள். தொலைவிலிருந்து நிபுணர் கற்பித்த குழுவைவிட இயந்திர ஆசானிடம் கற்ற குழு நன்றாகச் செய்தது. தலைப்புச் செய்தி ஆனது.

அதைவிட எனக்குப் பிடித்தது, அதே குழு மறுஆண்டு வெளியிட்டது. தங்கள் தரவையே திரும்பத் தோண்டிப் பார்த்தார்கள். இயந்திர ஆசானிடம் கற்றவர்கள் நல்ல திசுவைக் காயப்படுத்துவது குறைந்திருந்தது, அதுதான் நோக்கம். ஆனால் கையின் வேகமும் கட்டியை அகற்றும் வேகமும்கூடக் குறைந்திருந்தன. யாரும் அதைக் கற்பிக்கவில்லை. ஆசான் அளந்தவற்றில் தப்பித்துக்கொள்ள மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த வழி. முதுநிலை மூன்றின் நீல வளையமும் இதே கதைதான். எதை அளக்கிறோமோ அதற்குக் கை வளைந்துகொடுக்கும்.

இன்னொரு செய்தி, பயிற்சி நேரத்தைப் பற்றி. 2006இல் 38 இளநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கு நுண் இரத்தக்குழாய்த் தையல் கற்பித்தார்கள். நான்கு பாடம். ஒரு குழுவுக்கு ஒரே நாளில், மற்றதற்கு வாரத்துக்கு ஒன்றாக. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரம் ஒன்றாகக் கற்றவர்களே மேல். விடிய விடிய ஹெட்செட் மாட்டுபவர்கள் கவனிக்க.

இடக்கை | வியாழன், இரவு 7.40

நேவிகேஷன் (கருவியின் முனை எலும்பில் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டுவது), ரோபோ எல்லாம் வந்துவிட்டனவே. எலும்பின் உள்ளே இருப்பதைத் தலையில் மாட்டும் கண்ணாடியிலேயே காட்டும் கருவிகூட வந்துவிட்டது. இன்னும் ஏன் கையைப் பழக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பில் கேட்கிறார்கள்.

நடைவண்டி | வியாழன், இரவு 9.02

அந்தக் கண்ணாடி வேறு இனம். மெய்நிகர் ஹெட்செட் நிஜ உலகை முழுதாக மறைத்துவிடும். இது நிஜ நோயாளியின் மேலேயே சி.டி. படத்தைப் படியவிடும். எக்ஸ்விஷன் என்பதற்கு 2019 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அது பயிற்சிக் கருவி அல்ல, அறுவைக் கருவி.

உங்கள் கேள்விக்குப் பதில்: நேவிகேஷனின் அடையாளச் சட்டத்தை முள் நீட்சியில் கவ்வி வைக்கிறோம். யாருடைய முழங்கையாவது அதை இடித்து 3 மி.மீ. நகர்த்திவிட்டால் திரைக்குத் தெரியாது. அது பழைய இடத்தையே அழகான வண்ணத்தில் காட்டிக்கொண்டிருக்கும். "திரை உள்ளே என்கிறது, கை வெளியே என்கிறது" என்று ஒருவர் நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு முதலில் கைக்கு ஒரு கருத்து இருக்க வேண்டுமே.

முதுநிலை மூன்று | நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.20

இழையை மறுபடி எழுப்புவதற்கு மன்னிக்கவும்.

வளையத்தை அணைத்தே வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு இரவு, இருபது நிமிடம். முறுக்கிய முதுகு ஒன்று மட்டும். முதல் வாரம் 50ஐத் தாண்டவில்லை. இப்போது எழுபதுகளில் இருக்கிறேன். வேண்டுமென்றே வெளியே போய்ப் படம் கேட்கும் விளையாட்டு பிடித்துவிட்டது. ஜூனியர் ஒருவனை உட்காரவைத்து, நான் படத்தை மட்டும் பார்த்து முனை எங்கே என்று சொல்வேன், அவன் எலும்பைக் கண்ணாடியாக்கிச் சரிபார்ப்பான். உடற்கூறு கூடத்தில் ஒரு இடுப்பு முதுகெலும்பு கிடைத்தது. ஐந்து பக்கமும் தடவிப் பார்த்தேன். ஈர மணல் என்று ஐயா சொன்னது அப்போதுதான் புரிந்தது, ஆனால் என் கைக்கு அது காய்ந்த பிஸ்கட் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி ப்ரோப் கொடுத்தார்கள். எல்5, வலப்பக்கம். காலையிலேயே நோயாளியிடம் போய், நான் பயிற்சியில் இருப்பவன், ஒரு பகுதியை நான் செய்வேன், தலைவர் எதிரிலேயே இருப்பார் என்று சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார். "நடுங்கவில்லையே" என்றார். சரி என்றார்.

மூக்கை வெளிப்பக்கம் பார்த்து இறக்கினேன். நொறுங்கிக்கொண்டு வந்தது. 20 மி.மீ.க்குச் சற்று முன்னால் கெட்டியானது. நிறுத்தி, சி-ஆர்ம் கேட்டேன். தலைவர் ஒன்றும் சொல்லவில்லை, கையையும் நீட்டவில்லை. படத்தில் முனை கண்ணின் வெளி விளிம்பை ஒட்டி இருந்தது. வெளியே எடுத்து, கொஞ்சம் உள்நோக்கிச் சாய்த்து மறுபடி இறங்கினேன். ஐந்து பக்கமும் எலும்பு. ஸ்க்ரூவை அவரே போட்டார். சி.டி.யில் ஏ.

பழைய உளி | ஞாயிறு, இரவு 8.34

கெட்டியானது 20க்கு முன்னால் என்கிறீர்கள். நுழைவிடத்தைக் கொஞ்சம் வெளியே எடுத்திருக்கிறீர்களா, இல்லை சாய்மானம் போதவில்லையா? எல்5க்கு மற்றவற்றைவிட அதிகம் சாய்க்க வேண்டும். அந்த முதல் படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

முதுநிலை மூன்று | ஞாயிறு, இரவு 8.51

பார்த்தேன் ஐயா. சாய்மானம்தான். எல்4 பழக்கத்தில் போயிருக்கிறேன்.

இடக்கை | ஞாயிறு, இரவு 9.10

நிரல்நெசவு, நிர்வாகி கடவுச்சொல் கிடைத்தது. கை மாற்றும் பொத்தான் நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. அழுத்தினால் ட்ரில் இடக்கைக்கு வந்துவிட்டது, ஆனால் உறிஞ்சுகுழலும் இடக்கையிலேயே நிற்கிறது.

நிரல்நெசவு | ஞாயிறு, இரவு 9.22

அது எங்கள் கருவிதான் என்று இப்போது தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை சரிசெய்கிறேன்.